‘கோ டு த டாக்ஸ்’: எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது

நன்றாக நடந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சீரழிவதை ஆங்கிலத்தில் ‘கோ டு த டாக்ஸ்’ (டாக்ஸ் என்றால் நாய்கள்) என்பார்கள். ‘குட்டிச்சுவராப் போச்சு’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் இடம்தான் இதற்கும்.

படி 1: பொருந்துகிறதா பாருங்கள்
முன்பு நன்றாக இருந்ததா? மெல்ல மெல்லக் கெட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சொல்லலாம். ஹோட்டல், பள்ளி, கிளப், ஊர், நாடு ஆகியவையே வழக்கமான எழுவாய்கள். குடியில் விழுந்த மனிதரையும் சொல்வதுண்டு. கீழே விழுந்து உடைந்த போனுக்கும் ஊசிப்போன சாம்பாருக்கும் பொருந்தாது. பணமோ உழைப்போ வீணானால் ‘டவுன் த டிரெயின்’ (ரயில் அல்ல, சாக்கடை). அது நம் ‘ஆற்றில் கரைத்த புளி’.

படி 2: காலத்தைப் பொருத்துங்கள்
கெட்டு முடிந்திருந்தால் ‘த ஹோட்டல் ஹேஸ் கான் டு த டாக்ஸ்’. இன்னும் கெட்டுக்கொண்டே இருந்தால் ‘இஸ் கோயிங்’. காதில் அதிகம் விழுவது இந்த இரண்டும்தான்.

படி 3: வடிவத்தை மாற்றாதீர்கள்
‘த’ விட்டுப்போகக் கூடாது, ‘டாக்ஸ்’ பன்மையிலேயே இருக்க வேண்டும். ‘கோ டு த டாக்’ என்றால் நிஜமாகவே ஒரு நாயிடம் போகச் சொல்வதாகிவிடும்.

படி 4: கெடுத்தவரைச் சொல்ல ‘லெட்’
தமிழர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘பள்ளியை நாசமாக்கினார்கள்’ என்பதை மனதில் வைத்து ‘தே வென்ட் த ஸ்கூல் டு த டாக்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘கோ’ செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘தே லெட் த ஸ்கூல் கோ டு த டாக்ஸ்’ என்பதே சரி. கவனிக்காமல் கெட விட்டார்கள் என்று பொருள். வேண்டுமென்றே கெடுத்திருந்தால் ‘ரூயின்ட்’ போதும். ‘நாசமாப் போ’ என்று சபிக்கவும் இந்தத் தொடர் உதவாது.

இது பேச்சு வழக்கு. அலுவலகக் கடிதத்தில் ‘டிக்ளைன்ட்’, ‘டிடீரியரேட்டட்’ என்று எழுதுங்கள்.

பிரிட்டனில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே நண்பர் ‘வீ ஆர் கோயிங் டு த டாக்ஸ் டுநைட்’ என்றால் பதற வேண்டாம். கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் பார்க்கப் போகிறார். இயந்திர முயலைத் துரத்தும் அந்தப் பந்தயம் இன்றைய வடிவில் அங்கே 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் தொடங்கியது. பந்தயத்தில் பணம் தொலைத்தவர்களால் இந்தத் தொடர் பிறந்தது என்று சிலர் கதை கட்டுவார்கள். தொடர் அதைவிட மிகப் பழையது. ஆட்கள் எழுவாயாக வந்து, கூடவே ‘டுநைட்’, ‘ஆன் சாட்டர்டே’ என்று நேரமும் வந்தால் பெரும்பாலும் பந்தயம்தான்.