நீலி கதை கேட்ட ஊர்க்காரர்கள் வேம்பயர் நாவல் படிக்கத் தொடங்குவது எப்படி?

ரத்தம் குடிக்கும் வேம்பயர், ஓநாய் மனிதன், சூனியக்காரி, பழைய தெய்வம் என்று எல்லோரும் இன்றைய நகரத்தில் வாடகை கொடுத்து, வேலைக்குப் போய், காதலித்து, சண்டை போட்டு வாழும் ஆங்கில நாவல்கள் ஏராளமாக இருக்கின்றன. பேரநார்மல் ரொமான்ஸ், அர்பன் ஃபேன்டஸி என்று இரண்டு பெயர்களில் அவை கிடைக்கும். படிக்க ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். இந்த வகைக் கதைக்கு வேண்டிய காது நமக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. கள்ளியங்காட்டு நீலியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இருட்டிய பிறகு வழியில் தனியாக நிற்கும் அழகியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

படி 1: இரண்டில் எது உங்களுக்கு என்று முடிவு செய்யுங்கள்

கடையில் இரண்டும் ஒரே அடுக்கில்தான் இருக்கும். அட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: நிலா, இருண்ட தெரு, தோல் ஜாக்கெட் போட்ட ஆள். உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு.

பேரநார்மல் ரொமான்ஸில் காதலை எடுத்துவிட்டால் கதையே மிஞ்சாது. பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்கு ஒரு ஜோடி. அவன் மனதிலிருந்து ஒரு அத்தியாயம், அவள் மனதிலிருந்து ஒரு அத்தியாயம் என்று மாறி மாறிப் போகும். கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த புத்தகத்தில் அதே உலகத்தில் இன்னொரு ஜோடி வரும்.

அர்பன் ஃபேன்டஸியில் முன்னால் நிற்பது ஒரு வழக்கு: கொலை, காணாமல் போனவர், ஊருக்கு வந்திருக்கும் ஆபத்து. ஒரே நாயகியோ நாயகனோ பத்துப் புத்தகம்கூடத் தொடர்ந்து வருவார். பெரும்பாலும் அவரே ‘நான்’ என்று கதை சொல்வார். காதல் உண்டு, ஆனால் அது பல புத்தகங்களில் மெல்ல மெல்ல வளரும்.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடைசிப் பத்துப் பக்கம் கிழிந்த ஒரு நாவல் கையில் கிடைக்கிறது. எது தெரியவில்லை என்று மனம் அடித்துக்கொள்ளும்? அவர்கள் சேர்ந்தார்களா என்பதா, கொலை செய்தது யார் என்பதா? முதலாவது என்றால் ரொமான்ஸ், இரண்டாவது என்றால் அர்பன் ஃபேன்டஸி.

படி 2: முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியல் போட்டால் நூறு பெயர் சொல்லலாம். தொடங்குபவருக்கு நூறு பெயரால் பயன் இல்லை. நான் கைகாட்டுவது நான்கைத்தான்.

அர்பன் ஃபேன்டஸிக்கு பேட்ரீஷியா பிரிக்ஸ் எழுதிய ‘மூன் கால்ட்’. 2006-இல் வந்தது. நாயகி மெர்சி, வாஷிங்டன் மாநிலத்தில் கார் பழுது பார்க்கும் மெக்கானிக். கொயோட்டியாக உருமாறக்கூடியவள். கொயோட்டி என்பது அமெரிக்காவில் ஓநாயைவிடச் சிறிதாக, நம் நரிக்குக் கிட்டத்தில் இருக்கும் விலங்கு. அவளை வளர்த்தவர்கள் ஓநாய் மனிதர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓநாய்க் கூட்டத்தின் தலைவர். ஆங்கிலம் எளிமையாக இருக்கும். கையில் கிரீஸ் அப்பிய ஒரு உழைக்கும் பெண் கதையின் நடுவில் நிற்பதால், மாயம் எவ்வளவு வந்தாலும் கால் தரையில் இருக்கும். தொடங்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது.

காதல்தான் வேண்டும் என்றால் நளினி சிங் எழுதிய ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’, அதுவும் 2006. எழுத்தாளர் ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். கதை நடப்பது 2079-இல். மன ஆற்றல் கொண்ட ஒரு இனம், உணர்ச்சி என்பதையே பயிற்சியால் அணைத்து வைத்திருக்கிறது. அந்த இனத்துப் பெண் ஒருத்திக்கு உணர்ச்சி அணைய மறுக்கிறது. வெளியே தெரிந்தால் அவள் கதி முடிந்தது. அவள் எதிரே வருபவன் சிறுத்தையாக மாறும் ஒருவன். தொடுதலும் கோபமும் பாசமும் அவன் இனத்துக்கு மூச்சு. இந்த மோதலே போதும், புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு சார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய ‘டெட் அன்டில் டார்க்’, 2001. ஜப்பானில் செயற்கை ரத்தம் தயாரித்துவிட்டார்கள். அதனால் வேம்பயர்கள் ஒளிந்து வாழ்வதை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். லூசியானாவின் ஒரு சிற்றூரில் பரிமாறும் வேலை பார்க்கும் சூக்கிக்கு மற்றவர்கள் மனதில் நினைப்பதெல்லாம் காதில் விழும். நிம்மதியாக ஒருவரோடும் பழக முடியாது. வேம்பயரின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்காது. அந்த அமைதிக்காகவே அவள் அவனிடம் போகிறாள். ஒரு காதலுக்கு இத்தனை நியாயமான காரணத்தை வேறு வகை நாவலில் காண்பது அரிது.

நான்காவது, பென் ஆரனோவிட்ச் எழுதிய ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’, 2011. லண்டன் போலீஸ்காரர் ஒருவர் கொலை நடந்த இடத்தில் காவல் நிற்கும்போது, சாட்சி சொல்ல ஒரு ஆவி வருகிறது. தேம்ஸ் நதி இதில் தாயாக, தெய்வமாக நகரத்துக்குள் குடியிருக்கிறாள். ஆற்றை அம்மா என்று கும்பிடும் நமக்கு அந்த இடங்கள் மிக இனிக்கும். பிரிட்டிஷ் பேச்சுவழக்கு கொஞ்சம் கடினம், ஆகவே இதை இரண்டாவதாக எடுத்தால் நல்லது.

படி 3: வரிசையைப் பாருங்கள்

இவை எல்லாமே தொடர்கள். வாங்கும் முன் அது எத்தனையாவது புத்தகம் என்று பாருங்கள். அர்பன் ஃபேன்டஸியை நடுவில் தொடங்கவே கூடாது. யார் செத்தார், யார் யாரை விட்டுப் போனார் என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே உடைந்துவிடும். ரொமான்ஸ் தொடரில் அவ்வளவு கட்டாயம் இல்லை.

படி 4: ஆங்கிலத்துக்குப் பயப்படாமல் முதல் ஐம்பது பக்கம்

கிண்டில் செயலியை ஃபோனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான நாவல்களின் முதல் சில அத்தியாயங்களை மாதிரியாகப் படிக்கவும் கிடைக்கும். சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அகராதி திறக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும், மீதி தானாகப் பிடிபடும். இந்த நாவல்களில் பேச்சுதான் அதிகம், வர்ணனை குறைவு. தமிழ் வழியில் படித்தவர்களும் துணிந்து இறங்கலாம்.

திரும்பத் திரும்ப வரும் சில சொற்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஷிஃப்டர் என்றால் மனித உருவமும் விலங்கு உருவமும் மாற்றி எடுப்பவர். பேக் என்பது ஓநாய்க் கூட்டம், ஆல்ஃபா அதன் தலைவர். கோவன் என்பது சூனியக்காரிகளின் குழு. ஃபே என்பது ஐரோப்பியக் கிராமத்துக் கதைகளில் வரும் மாய இனம். அழகும் ஆபத்தும் சேர்ந்தவர்கள். வார்ட் என்றால் வீட்டைச் சுற்றிப் போடும் காப்புக்கட்டு. கிளாமர் என்பது உண்மை உருவத்தை மறைத்து வேறொன்றாகக் காட்டும் மாயம். மேட் என்றால் விதி சேர்த்துவைத்த துணை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 5: அந்த உலகத்தின் சட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. இந்த நாவல்களின் சுவையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நல்ல மாயக் கதை எதுவும் சட்டம் இல்லாமல் இயங்காது. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஆந்திர எல்லைப் பக்கம் திருவாலங்காட்டை ஒட்டி நடந்த கதை. இங்கே தெற்கே நம் வில்லுப்பாட்டில் இசக்கியின் கதையோடு கலந்து நிற்கிறது. வணிகன் கையில் வாள் இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க முடியாது. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன்’ என்று ஊர்ச் சபையில் நியாயம் கேட்கிறாள். எழுபது வேளாளர்கள் அவள் பேச்சை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைக்கிறார்கள். வாள் கையை விட்டுப் போகிறது, அவன் உயிரும் போகிறது. கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பேயைத் தடுத்தது இரும்பு. மனிதர்களைக் கட்டியது வாக்கு.

இதே இரண்டு சட்டமும் அந்த நாவல்களில் அப்படியே நிற்கின்றன. ஃபே இனத்துக்கு இரும்பு ஆகாது. பல நாவல்களில் அவர்களால் பொய் சொல்லவும் முடியாது. ஆனால் உண்மையை வளைத்துச் சொல்லி மனிதனை வாக்கில் மாட்டிவிடுவார்கள். வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொல்லாமல் வேம்பயரால் வாசலைத் தாண்ட முடியாது. ஓநாய் மனிதனுக்கு வெள்ளி ஆகாது. கேரளத்துப் பழங்கதைகளைத் தொகுத்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யில், சுண்ணாம்பு கேட்டு வரும் யட்சி என்ற அழகிய பேயை, மந்திரம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் கட்டுவதும் இரும்பு ஆணியால்தான்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: இந்த உலகத்தில் மாய இனத்தால் என்ன முடியும், என்ன முடியாது, மாயத்தைப் பயன்படுத்தினால் என்ன விலை. சாதாரண ஜனங்களுக்கு இவர்களைப் பற்றித் தெரியுமா, தெரியாதா என்பதையும் எழுதுங்கள்; அதைப் பொறுத்துக் கதையே மாறும். ஐந்தாவது அத்தியாயத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு சட்டம்தான் கடைசியில் நாயகியைக் காப்பாற்றும். அதை அவளுக்கு ஒரு பக்கம் முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த நாவல்களைத் தேடிப் படிக்கலாம்.

படி 6: முடிவு தெரிந்த காதலை ரசிக்கப் பழகுங்கள்

‘சேருவார்கள் என்று முன்பே தெரியுமே, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்க உட்காரும் யாருக்குக் கதை முடிவு தெரியாது? விடியும்வரை உட்கார்ந்துதான் கேட்கிறோம். ரமணிசந்திரன் நாவல்களையும் முடிவு தெரிந்தேதான் வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். எப்படிச் சேருகிறார்கள் என்பதில்தான் கண் இருக்க வேண்டும். அவர்களைப் பிரித்து வைத்திருப்பது எது என்று முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் கண்டுபிடியுங்கள். முந்நூறு வயது வேம்பயருக்கு முன்னால் காதலியின் ஆயுள் எவ்வளவு? கூட்டத்தின் சட்டமா, கட்டிய பெண்ணா என்று வந்தால் தலைவன் எதை விடுவான்? ஜாதி, சொத்து, ஊர்ப்பேச்சு என்று நாம் அறிந்த தடைகளே அங்கே இனம், சாபம், பழைய பகை என்று உருமாறி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதி சேர்த்த துணை என்ற சாக்கில், பெண் வேண்டாம் என்ற பிறகும் ஆண் அடக்கி ஆளுவதைக் காதல் என்று காட்டும் புத்தகங்கள் இந்த வகையில் இருக்கின்றன. அவை எவ்வளவு விற்றாலும் எனக்கு ஏற்பில்லை. நாயகிக்கு ‘இல்லை’ என்று சொல்லும் இடம் இருக்கிறதா, அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடி வைத்துவிடலாம். மேலே சொன்ன நான்கில் காதல் இப்படி அடக்குமுறையாக எழுதப்படவில்லை என்பதும் நான் அவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

அப்புறம், பேரநார்மல் ரொமான்ஸ் பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கானது. படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே வரும். சூக்கியின் கதையிலும் அவை உண்டு. மெர்சி தொடரின் மூன்றாவது புத்தகத்தில் பாலியல் வன்முறை வருகிறது, அதைத் தெரிந்துகொண்டு திறப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் 2005-இல் வந்த ‘ட்வைலைட்’ போல இளையவர்களுக்கென்று எழுதியவற்றைத் தேடிக் கொடுங்கள்.

படி 7: புத்தகம் கிடைக்கும் இடம்

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கிலப் பிரிவை ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள். திருவனந்தபுரம் போய்வருபவர்களுக்குப் பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம் பெரிய வரம். 1829-இல் தொடங்கியது, அப்போது நம் ஊரும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. பழைய புத்தகக் கடைகளில் இந்த நாவல்கள் வரும், ஆனால் முதல் புத்தகம் கிடைக்காமல் நான்காவது கிடைக்கும். வாங்கி வைத்துவிட்டு, முதலாவதை ஃபோனில் படியுங்கள்.

படி 8: விடவும் தெரிய வேண்டும்

பொழுதுபோக்குக்காகத்தான் படிக்கிறோம், பரீட்சைக்கு அல்ல. நூறு பக்கம் போயும் யார் மேலும் அக்கறை வரவில்லையென்றால் அடுத்ததை எடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில், வேலை விட்டு வருகிற வழியில், தூங்கும் முன் என்று ஒரு நேரத்தை இதற்கென்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் புத்தகம் முடிந்த பிறகு

மெர்சி பிடித்திருந்தால் அந்தத் தொடரிலேயே இரண்டாவதுக்குப் போங்கள். நளினி சிங் பிடித்திருந்தால் 2009-இல் அவர் தொடங்கிய வேறொரு தொடரின் முதல் நாவல் ‘ஏஞ்சல்ஸ் ப்ளட்’ இருக்கிறது. அதில் வானவர்கள் ஊரை ஆளுகிறார்கள், கொஞ்சம் கொடூரமும் உண்டு. விளவங்கோடு பக்கம் மலையாளம் வாசிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 1967-இல் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் எழுதிய ‘யட்சி’யைச் சொல்வேன். விபத்தில் முகம் சிதைந்த ஒரு விரிவுரையாளர், தன்னை விரும்பி வந்த மனைவி யட்சியோ என்று சந்தேகப்படுகிறார். காதல் கதையின் ஆறுதலை எதிர்பார்க்காமல் திறக்க வேண்டிய நாவல் அது.

சண்டையும் சட்டமும் நிறைந்த பெரிய உலகம் வேண்டும் என்றால் இலோனா ஆண்ட்ரூஸ். கணவன் மனைவி இருவர் சேர்ந்து எழுதும் பெயர் அது. 2007-இல் வந்த ‘மேஜிக் பைட்ஸ்’ அட்லான்டாவில் நடக்கிறது. அங்கே மாயம் அலை அலையாக வரும். வந்தால் மின்சாரமும் காரும் துப்பாக்கியும் செத்துவிடும், வடிந்தால் மந்திரம் செத்துவிடும். முதல் புத்தகம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2009-இல் வந்த மூன்றாவது புத்தகம் ‘மேஜிக் ஸ்ட்ரைக்ஸ்’ வரை போய்ப் பார்த்துவிட்டு, தொடரலாமா என்று முடிவெடுங்கள்.