பூசையில் வாண்டுகளை அமைதியாக உட்கார வைக்க

தர்மபுரியில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் ஞாயிறு பூசை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மறையுரை (சாமியாரின் பிரசங்கம்) தொடங்கினால் என் மூன்று வயது மகன் நெளிய ஆரம்பித்துவிடுவான்.

ஒரு சின்னத் துணிப்பை தைத்தேன். அது கோவிலில் மட்டும்தான் திறக்கும், வீட்டில் கேட்டாலும் கிடையாது. அதனால்தான் அதன் மவுசு குறையவில்லை. உள்ளே ஒரு குட்டி நோட்டு, உருளாத முக்கோணக் கிரயான் இரண்டு, பெரிய பட்டன்கள் கோத்த கயிறு. ஒருமுறை புளியங்கொட்டை போட்டுக் கொடுத்தேன். சாமியார் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மொத்தமும் தரையில் சிதறி, அந்தச் சத்தம் பீடம் வரை கேட்டது!

தின்ன ஏதாவது வேண்டுமென்றால் உலர்ந்த திராட்சை போதும். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், சரசரக்கும்.

அப்புறம், பின்வரிசையில் உட்காராதீர்கள். அங்கே பிள்ளைக்கு முதுகுகள்தான் தெரியும். முன்னால் உட்கார்ந்தால் மெழுகுவர்த்தி எண்ணலாம், சாமியார் உடையின் நிறம் பார்க்கலாம். விழாக்காலம் அல்லாத பொதுக்காலத்தில் பச்சை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஊதா, தூய ஆவியின் திருவிழாவான பெந்தகோஸ்துக்குச் சிவப்பு. போகும் வழியிலேயே “இன்னைக்கு என்ன கலர்?” என்று கேட்டு வையுங்கள். அதைப் பார்ப்பதற்காகவே முதல் பத்து நிமிடம் வாய் திறக்க மாட்டான்.