முதலை வந்தது நிஜமா? பிள்ளைகளுக்கு ஃபார்வர்டைச் சோதிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாலைந்து பேர், நெட் உள்ள ஒரு போன், ஆளுக்கொரு நோட்டு. இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நெட்டில் வருவதெல்லாம் பொய்" என்று ஆரம்பிக்காதீர்கள். எதையுமே நம்பாத பிள்ளை நாளைக்குப் புயல் எச்சரிக்கையையும் நம்பாது.

படி 1: இரண்டு முதலைக் கதைகள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை ராத்திரியில் சாலையைக் கடக்கும் வீடியோ சுற்றியது. எது நிஜம்? விடையைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ள விடுங்கள்.

முதலாவது பொய். பண்ணைக்காரர்களே மறுத்தார்கள். இரண்டாவது நிஜம். சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, தண்ணீர் நிரம்பி வழிந்ததால் ஒன்று வெளியே வந்திருக்கிறது, அது மனிதரைக் கண்டால் ஒதுங்கும் பிராணி, பயப்பட வேண்டாம் என்று வனத்துறையின் உயரதிகாரி சுப்ரியா சாகு எக்ஸ் தளத்தில் விளக்கினார்.

இப்போது நோட்டில் ஒரே கேள்வியை எழுதச் சொல்லுங்கள்: "இது நடந்திருந்தால் முதலில் யாருக்குத் தெரிந்திருக்கும்?" முதலை என்றால் பண்ணை, வனத்துறை. புயல் என்றால் வானிலை ஆய்வு மையம். மழை லீவு என்றால் மாவட்ட ஆட்சியர். லீவு உதாரணத்தை எடுத்ததும் வகுப்பு உயிர் பெற்றுவிடும். போன வருஷ அறிவிப்பைத் தேதி தெரியாமல் வெட்டி அனுப்பும் கைங்கரியத்தில் நம் பிள்ளைகளே கில்லாடிகள்.

படி 2: படத்தின் பூர்வீகம்

வீடியோவை ஓடவிட்டு, கடைப் பலகையோ பஸ்ஸின் நிறமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். மேலும் கீழும் ஒட்டியிருக்கும் வாசகங்களை வெட்டிவிடுங்கள். கூகுள் ஆப்பில் தேடல் பெட்டியில் இருக்கும் கேமரா குறியைத் தொட்டு, அந்தப் படத்தைக் கொடுங்கள். வரும் முடிவுகளில் இருப்பதிலேயே பழைய தேதியைத் தேட வேண்டும். போன வருஷமே வந்த படம் நேற்றைய சம்பவமாக இருக்க முடியாதல்லவா?

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது நிஜம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏஐ போட்ட படத்துக்குப் பூர்வீகமே இருக்காது. அப்போது நோட்டுக் கேள்விதான் கைகொடுக்கும்.

படி 3: எதை வெட்டியிருக்கிறார்கள்?

2018இல் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருப்பதாக நாடு முழுக்கப் பீதி. கூடவே பரவிய வீடியோவில், பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த முடிவை மட்டும் வெட்டியெறிந்தார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். இதை வாயால் சொல்லுங்கள். அந்தக் காட்சியைத் தேடிக் காட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்பதையும் இங்கேயே காட்டிவிடலாம்.

படி 4: பெரியப்பா அனுப்பினால்?

குடும்ப குரூப்பில் எல்லார் முன்னாலும் பெரியவர்களைத் திருத்தினால் சண்டைதான் வரும். தனியாக ஒரு மெசேஜ் போதும்: "பெரியப்பா, அந்த வீடியோ பழசு போலிருக்கு, இந்த லிங்க்கைக் கொஞ்சம் பாருங்களேன்." ஆளுக்கொரு தடவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: சோதிக்கவே வேண்டாதவை

வன்முறை, ஆபாசம், மிரட்டல் ஆகியவற்றில் நிஜமா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. "ஐயோ, இதைப் பாரேன்" என்றுகூட அனுப்பக் கூடாது. மூடு, ரிப்போர்ட் செய், பிளாக் செய், ஒரு பெரியவரிடம் சொல். சிறுவர்களின் ஆபாசப் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வேண்டாம். அதை வைத்திருப்பதே போக்சோ சட்டத்தில் சிக்கலாகும். கணக்கின் பெயரையும் லிங்க்கையும் குறித்துக்கொண்டால் போதும்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது. அந்த சாட் உரையாடலை அழிக்கவும் கூடாது, அதுதான் சாட்சி. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பணம் போய்விட்டால் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அதில் படம் போனை விட்டு வெளியே போகாது. படத்துக்கான அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இவ்வளவு வழி இருந்தும் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். காரணம், சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் பெற்றோரைக் கூப்பிட்டு, "உண்மையைச் சொன்னதற்காகப் போனைப் பிடுங்கமாட்டேன்" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்ல வையுங்கள். சிலர் மழுப்புவார்கள். அப்படி மழுப்புகிறவர்களின் பிள்ளையிடம் மட்டும், பயமில்லாமல் பேசக்கூடிய சித்தியோ மாமாவோ டீச்சரோ ஒருவரின் பெயரை யோசித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1098க்குக் கீழே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.