பென்டாக்ஸ் கே1000 கேமராவில் முதல் ஃபிலிம் சுருளை எடுப்பது எப்படி?

பென்டாக்ஸ் கே1000 1976ஆம் ஆண்டு அறிமுகமாகி 1997 வரை தயாரிப்பில் இருந்த, லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமரா. தானியங்கி வசதி எதுவும் இல்லாத காரணத்தாலேயே கற்றுக்கொள்பவர்களுக்கு இது இன்றும் பொருத்தமாக இருக்கிறது. ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் முழுவதும் இயந்திர விசையால் இயங்குவதால் பேட்டரி தீர்ந்துபோனாலும் படம் எடுக்கலாம். ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டும் எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 பொத்தான் பேட்டரி ஒன்று தேவை.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபிலிமில் எவ்வளவு ஒளி பட வேண்டும் என்ற எக்ஸ்போஷர் கணக்கை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். அதைவிட அதிகக் கவனம் வேண்டியது ஃபிலிமை மாட்டும் வேலைக்கு என்பது என் கருத்து. வண்ண நெகட்டிவ் ஃபிலிம் ஒளி சற்றுக் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் பிடிக்காமல் நழுவிய ஃபிலிமிலிருந்து ஒரு படம்கூடக் கிடைக்காது.

படி 1: காலி கேமராவைச் சோதித்தல்

இடப்பக்கம் மேலே உள்ள ரீவைண்ட் குமிழை மேல்நோக்கி இழுத்தால் பின்கதவு திறக்கும். கதவின் விளிம்புப் பள்ளங்களில் இருக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்தோ உதிர்ந்தோ போயிருந்தால், ஒளி உள்ளே கசியாதபடி அதை மாற்றியாக வேண்டும். பிறகு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிப் பாருங்கள். 1 நொடியில் ஷட்டர் உண்மையாகவே ஒரு நொடி திறந்திருக்கிறதா என்பதைக் காதாலேயே அறியலாம். ஷட்டர் திரை மெல்லிய துணியால் ஆனது என்பதால் அதன்மேல் விரல் படக் கூடாது.

படி 2: ஃபிலிமை மாட்டுதல்

நேரடி வெயில் படாத இடத்தில் இதைச் செய்யுங்கள். ஃபிலிம் டப்பாவின் துருத்திய முனை கீழ்நோக்கி இருக்குமாறு இடப்பக்க அறையில் வைத்து, குமிழை மீண்டும் கீழே அழுத்துங்கள். அது இறங்க மறுத்தால் வலிந்து அழுத்தாமல் லேசாகத் திருப்பினால் பொருந்திவிடும். ஃபிலிமின் நாக்கை, அதாவது டப்பாவுக்கு வெளியே நீண்டிருக்கும் தொடக்கப் பகுதியை, வலப்பக்கம் இழுத்து, ஸ்பூலில் உள்ள பிளவுக்குள் நன்றாகச் செருகுங்கள். அடுத்து லீவரை மெதுவாக இழுத்து, ஃபிலிமின் மேல், கீழ் ஆகிய இரண்டு ஓரத் துளை வரிசைகளும் பற்சக்கரத்தின் பற்களில் மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடுங்கள். ஒரு வரிசை மட்டும் மாட்டியிருக்கும்போது அவசரப்பட்டு மூடுவதுதான் பின்னால் வரும் தொல்லைக்கு வித்து.

கதவை மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மிக மெதுவாகச் சுற்றி, லேசான இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். இப்போது ஃபிலிமில் தொய்வு இல்லை. இனி லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் படங்களின் எண்ணிக்கை காட்டியில் எண்கள் மட்டுமே ஏறும், ஃபிலிம் நகராது. எண்ணிக்கை காட்டி 1 காட்டும்வரை வெறும் படங்களாக எடுத்துத் தள்ளுங்கள்.

படி 3: ஃபிலிமின் வேகத்தைப் பதித்தல்

ஷட்டர் வேக வட்டின் வெளிவளையத்தை மேலே தூக்கித் திருப்பினால் சிறு சாளரத்தில் ஏஎஸ்ஏ எண், அதாவது ஃபிலிம் ஒளியை எவ்வளவு விரைவாக உணரும் என்பதைக் காட்டும் எண், மாறும். ஃபிலிம் டப்பாவில் ஐஎஸ்ஓ என்ற பெயரில் உள்ள அதே எண்ணை அப்படியே அதில் வைக்க வேண்டும்.

படி 4: முள்ளைப் படித்தல்

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலப்பக்கம் மீட்டரின் முள் தெரியும். அது மேலே போனால் ஒளி அதிகம். கீழே இறங்கினால் குறைவு. நடுவில் நின்றால் சரி. முள்ளை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உள்ளன: ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும், லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பலாம் அல்லது ஷட்டர் வேகத்தை மாற்றலாம். வேகத்தை 1/125 நொடியிலிருந்து 1/250 நொடிக்கு மாற்றினால் ஒளி பாதியாகும். துளையை எஃப்8இலிருந்து எஃப்5.6க்குத் திறந்தால் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) இரண்டு மடங்காகும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்தால் முள் பழைய இடத்திலேயே நிற்கும், ஆனால் பின்னணி மேலும் மங்கலாகும். 50 மிமீ லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/60க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

இந்த மீட்டர் சட்டகம் முழுவதன் சராசரியைக் கொண்டு அளப்பதால், வானம் பெரும்பகுதியை நிறைத்தால் ஏமாந்துபோகும். சாளரத்துக்கு முன் நிற்பவரை எடுக்கும்போது முள் சொன்னபடி செய்தால் முகம் இருண்டுவிடும். அவருக்கு அருகே சென்று, முகம் சட்டகத்தை நிறைக்கும்படி வைத்து அளந்து, அந்த அமைப்பை மாற்றாமல் பின்னால் வந்து எடுங்கள். பேட்டரியே இல்லையென்றால், தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு எஃப்16, 1/125 என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்டருக்கு அணைக்கும் விசை கிடையாது. எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தாலே பேட்டரி மிஞ்சும்.

படி 5: ஃபோகஸ்

இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி வளையத்தைத் திருப்புங்கள். வியூஃபைண்டரின் மையத்தில் உள்ள பொடிக் கட்டங்களின் மினுமினுப்பு அடங்கி உருவம் தெளிவதே ஃபோகஸ் சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

படி 6: சுருளை வெளியே எடுத்தல்

லீவர் பாதியில் நின்றுவிட்டால் ஃபிலிம் முடிந்தது என்று பொருள். இன்னொரு படத்துக்கு ஆசைப்பட்டு இழுத்தால் ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்து வரக்கூடும். கேமராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். இறுக்கம் திடீரென்று தளர்ந்த பிறகும் சில சுற்றுகள் சுற்றி, நாக்கு முழுவதும் டப்பாவுக்குள் போன பின்பே கதவைத் திறக்க வேண்டும். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை உடனே மடித்துவிடுங்கள். இல்லையென்றால் புதுச் சுருள் என்று எண்ணி அதையே மறுபடியும் கேமராவில் மாட்டிவிட வாய்ப்புண்டு.