தொண்டி முதல் நரிப்பையூர் வரை: ராமநாதபுரம் கடலோரத்தைக் கணவன் மனைவி காரில் சுற்றிப் பார்ப்பது எப்படி

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஃபோன் போட்டால் கேட்பது ஒரே கேள்விதான். "ராமேஸ்வரம் வர்றோம், அரை நாள் மிச்சம் இருக்கு, வேற என்ன பாக்கலாம்?" அரை நாளில் பார்ப்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வடக்கே எஸ்.பி.பட்டினத்தில் சாலையோடு சேரும் கடல், தெற்கே நரிப்பையூர் தாண்டும் வரை நம்மை விட்டுப் போவதில்லை. இடையில் அலையாத்திக் காடு, பறவைக் கண்மாய், தேசியப் பூங்காவாக அறிவித்த தீவுகள், அரண்மனை, பழைய துறைமுகப் பட்டினங்கள் எல்லாம் இருக்கின்றன. ஐந்து நாள் ஒதுக்குங்கள். அதில் ராமேஸ்வரத்துக்கு ஓர் இரவு போதும்.

எங்கள் வண்டியில் வீட்டுக்காரர் ஓட்டுவார், எங்கே நிறுத்துவது என்பதை நான் சொல்வேன். அவருக்குப் பறவை, எனக்குக் கோயிலும் கருவாடும். அதனால் கீழே வருவதில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

முதலில் காற்று. தேதி குறிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடபுறம் எல்லாம் பாக் நீரிணை, ஆழம் குறைவு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று வந்துவிட்டால் அப்படியே மாறிவிடும். கச்சானில் தனுஷ்கோடிக்குப் போனால் காலில் மணல் ஊசியாய்க் குத்தும், கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் பாதி ஊர் தண்ணீரில் நிற்கும். என்னைக் கேட்டால் பொங்கல் முடிந்து மாசி வரை உள்ள நாட்கள்தான் சரி. மழையில் கண்மாய் நிறைந்திருக்கும், பறவை வந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் தை அமாவாசையையும் அதற்கு முன்பின் நாட்களையும் விட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதே ஒரு தனிப் பயணம். மீன் சாப்பிடவே வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். நாட்டுப் படகு மீன் கிடைக்கும், விலைதான் கையைச் சுடும்.

தங்குவதற்கு ராமநாதபுரம் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தேவிபட்டினம், தெற்கே கீழக்கரை, இரண்டும் இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள். ராமேஸ்வரம் மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கே ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஊர் ஊராகப் பெட்டியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாளே சண்டை வந்துவிடும்.

வண்டியில் இருபது லிட்டர் கேன் குடிதண்ணீர் கட்டாயம். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, கடைகளில் குடிக்கத் தருவதும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறையை வழியில் நம்பாதீர்கள். டவுனிலும் கீழக்கரையிலும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பெட்ரோலுக்கும் இதே கணக்குத்தான்.

முதல் நாள் வடக்கிலிருந்து தொடங்கலாம். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஈ.சி.ஆரில் வருபவர்களுக்கு எஸ்.பி.பட்டினம், தொண்டி தானாகவே வழியில் வந்துவிடும். வரலாற்றுப் பிரியர்கள் உள்ளே ஓரியூருக்குத் திரும்பலாம். போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தர் 1693-ல் தலை வெட்டப்பட்ட இடம் அது, அங்கே மண் சிவப்பு. தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. இதைத்தான் தவறவிடக் கூடாது. செங்கோல் மாதா கோயில் உள்ள மீனவ ஊர், ஊரை ஒட்டியே அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படகில் நிழல் கிடையாது. வாய்க்கால் குறுகும் இடத்தில் படகுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றினால், சேற்றிலிருந்து ஈட்டி ஈட்டியாக மேலே நிற்கும் மூச்சு வேர்களுக்கு நடுவே சின்ன நண்டுகள் ஓடுவது தெரியும். நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், தாங்களாக நிறுத்த மாட்டார்கள். சாப்பாடு வேண்டுமென்றால் படகேறும் முன்பே சொல்லிவையுங்கள்.

அங்கிருந்து உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிவர நடைமேடை இருக்கிறது. பரிகாரம் செய்யச் சொல்லி ஆள் பின்னாலேயே வருவார். வேண்டாம் என்றால் ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே இழுத்தால் அரை மணி நேரம் போய்விடும். மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் சாலை ஓரத்தைக் கவனியுங்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் களத்திலும் தார்ச்சாலை ஓரத்திலும் முண்டு மிளகாய் காயும், அதைக் காலால் தள்ளிக் கிளறிவிட்டுக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இதுதான். கண்ணாடியை இறக்கினால் தும்மல் நிச்சயம். ஒருமுறை ஓர் அம்மாவிடம் விலை கேட்டேன். "வாங்குறது இருக்கட்டும் ஆத்தா, மொதல்ல வண்டியை மொளகா மேல ஏத்தாம நிறுத்து" என்றார். வீட்டுக்காரர் இறங்கிப் போய் வண்டியைப் பின்னால் எடுத்தார். காம்பு பச்சை மாறாத, காய் குலுங்கும் மிளகாயாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் நாள் டவுன். காலையில் சக்கரக்கோட்டைக் கண்மாய், ஊரை ஒட்டியே இருக்கும் பறவைகள் சரணாலயம். 2025-ல் தேர்த்தங்கல் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. பிறகு சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசம். சுவர் ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், ஆனாலும் மெதுவாகப் பாருங்கள். மத்தியானம் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் திருப்புல்லாணியைச் சாயங்காலத்துக்கு வைத்து, அப்படியே சேதுக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். உத்தரகோசமங்கைக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்ப்பது மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான். மற்ற நாளில் போய்ப் பச்சை தெரியவில்லை என்று குருக்களிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள் கிழக்கே. வழியில் அரியமான் கடற்கரை, சவுக்கு நிழலில் சாப்பிட நல்ல இடம். பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்களைத் தாண்ட இடமிருக்காது. பாலம் இறங்கியதும் பாம்பன் ஊருக்குள் திரும்பிக் கடலோரம் போனால் எல்லாப் பாலங்களும் ஒன்றாகத் தெரியும்: 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் திறந்த சாலைப் பாலம், நடுத்தூக்கு அப்படியே செங்குத்தாக மேலே எழும் 2025-ஆம் ஆண்டுப் புதிய ரயில் பாலம். பக்கத்தில் குந்துகால். விவேகானந்தர் 1897 ஜனவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கரையிறங்கிய இடம்.

அங்கிருந்து பார்த்தால் தெரியும் குருசடைத் தீவு, மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1986-ல் அறிவித்த பூங்கா, இங்கிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். தெரிந்த மீனவர் ஒருவர் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்காதீர்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்கு, படகு போவது அவருக்கு. வனத்துறையே படகு விடும் நாளாக விசாரித்துக்கொண்டு போங்கள். கடையில் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை என்று எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள், எல்லாம் சட்டம் பாதுகாக்கும் உயிர்கள்.

ராமேஸ்வரம் கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் பங்குக்கு: இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போகிறீர்கள் என்றால் மாற்றுத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள், ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள். பிரகாரத்தை இரவில் கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை சுற்றுங்கள்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். சாயங்காலம் போனால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும், மத்தியானம் போனால் வேன் கூட்டம். சாலையின் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஜனவரி, பிப்ரவரியில் ஆழமில்லாத தேங்கலில் பூநாரைகள் மேயும். அவற்றைப் பார்க்கும் வழி இது: இஞ்சினை அணையுங்கள், கதவைத் திறக்காதீர்கள், வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள். காருக்கு அவை பயப்படுவதில்லை, ஆளைக் கண்டால் கூட்டமாக எழுந்துவிடும். கதவைச் சாத்தும் சத்தமே போதும். இந்த விஷயத்தில் வீட்டுக்காரர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் மாதா கோயில் சுவர், ரயில் நிலையம் எல்லாம் சாலையோரத்திலேயே நிற்கின்றன. சுவர் மேல் ஏறாதீர்கள், உதிர்கிறது. அங்கே குடிசை போட்டிருக்கும் பெண்கள் மணலில் கையளவு தோண்டிய ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்க்கலாம். இருபுறமும் கடல், நடுவில் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். ஃபோட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், சங்குமாலை விற்றால் பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். சாலை முடியும் அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது, இரண்டு கடலின் இழுப்பும் அங்கே சேர்கிறது. ஃபோனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இலங்கைச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். பைக்கில் வருபவர்கள் தார்மேல் படிந்திருக்கும் மணலில் பிரேக் பிடித்தால் கீழேதான்.

நான்காம் நாள் டவுனுக்குத் திரும்பி ஓய்வு. இதை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டாதீர்கள், துணி துவைக்க வேண்டியிருக்கும்.

கடைசி நாள் தெற்கே. கீழக்கரையில் தெருக்கள் குறுகல், வண்டியைப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். கல் தூண்களோடு நிற்கும் பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்தே பார்க்கலாம், உள்ளே போக ஆசை என்றால் அங்கிருக்கும் பெரியவரிடம் கேட்டுப் போங்கள். அடுத்தது தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு மணிக்கணக்கில் கிண்டிய பண்டம். நல்ல தொதல் கறுத்து, மேலே தேங்காய் எண்ணெய் கசிந்து மினுங்கும், கத்தியில் வெட்டினால் ஒட்டாமல் துண்டு விழும். பல்லில் இழுத்தால் அது பழசு. "பாய், இன்னைக்குக் கிண்டினதா?" என்று கேட்டால், "அக்கா, நாலு நாள் கழிச்சுச் சாப்பிட்டாத்தான் இதுக்கு ருசி" என்பார் கடைக்காரர். அதுவும் உண்மைதான். நிழலில் வையுங்கள், காரின் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் எண்ணெய் வழிந்து சீட் போய்விடும்.

ஏர்வாடி தர்காவைத் தாண்டினால் போக்குவரத்து குறைந்துவிடும். ஆடும் மாடும்தான் எதிரே வரும், அறுபதுக்கு மேல் போகாதீர்கள். வாலிநோக்கத்தில் அரசு உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளைக் குவியல், வெயிலில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து உள்ளே திரும்பினால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் சரணாலயம். ஏறக்குறைய 590 ஹெக்டேர், இரண்டு கண்மாயும் சேர்ந்தது. நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டும். மழை பொய்த்த வருஷம் வெறும் தரைதான் கிடக்கும். அதனால் நேராகப் போய் ஏமாறாமல் சாயல்குடி டீக்கடையில், "அண்ணே, கண்மாய்ல தண்ணி கெடக்கா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அந்த நேரத்தை மாரியூர்ப் பூவேந்தியநாதர் கோயிலுக்குக் கொடுங்கள். கோயிலும் கடலும் அடுத்தடுத்து, பெரும்பாலும் ஆள் இருக்காது.

சாயல்குடியிலிருந்து நரிப்பையூர் வரை பனைதான். மாசிக்கு மேல் காலையில் பதநீர் கிடைக்கும், பத்து மணிக்குப் பிறகு விற்பதை வாங்க வேண்டாம், புளித்திருக்கும். கருப்பட்டி வாங்கும்போது உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி கலந்திருந்தால் வெள்ளைத் துகள் மினுங்கும்.

நரிப்பையூரைத் தாண்டினால் வேம்பார், தூத்துக்குடி மாவட்டம். மேலே போகிறவர்கள் போகலாம். திரும்புகிறவர்கள் வீட்டுக்குப் போன மறுநாளே வண்டியை சர்வீஸுக்கு விட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கடலோர உப்பு சைலன்சரை அரித்துவிடும். எங்கள் ஊரிலேயே கழுவினால் போர்வெல் தண்ணீர், அதுவும் உப்பு.