ஹெய்சன்பர்க் ஜோக்கைச் சரியாகச் சொல்வது எப்படி?

காரில் பறந்துகொண்டிருக்கும் குவாண்டம் இயற்பியலாளர் ஹெய்சன்பர்க்கைப் போலீஸ்காரர் மறிக்கிறார். "என்ன வேகத்துல வந்தீங்க, தெரியுமா?" "தெரியாது சார். ஆனா எங்கே இருக்கேன்னு துல்லியமாத் தெரியும்."

குவாண்டம் பாடத்தை நான் எப்போதும் இந்த ஜோக்கோடுதான் ஆரம்பிப்பேன். நீங்களும் சொல்லப்போகிறீர்கள் என்றால், முதலில் அடிப்படையான அவருடைய நிச்சயமின்மைக் கோட்பாட்டை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: துகளின் இடம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) சிதறும். அப்புறம் ஜோக். ஜோக்குக்குப் பிறகு விளக்கம் சொன்னால் சிரிப்பு வராது.

போலீஸ்காரர் "மணிக்கு 120!" என்றதும், "ஐயோ, இப்போ நான் எங்கே இருக்கேன்னே தெரியலையே!" என்று ஹெய்சன்பர்க் அலறுகிற வடிவமும் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். கோட்பாட்டின் இரண்டு பக்கமும் இதில் வந்துவிடுகின்றன.

சிரிப்பு அடங்கியதும் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடத்தின் நிச்சயமின்மையையும் உந்தத்தின் நிச்சயமின்மையையும் பெருக்கினால், குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியில் (குவாண்டம் இயற்பியலின் மிக மிகச் சிறிய அடிப்படை எண்) பாதிக்குக் கீழே போகாது. ஆயிரம் கிலோ காரின் இடம் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் தவிர்க்கவே முடியாத நிச்சயமின்மை வினாடிக்குச் சுமார் 5 × 10⁻³⁵ மீட்டர். பிரபஞ்சம் தோன்றியது முதல் இன்றுவரை அந்த வேகத்தில் நகர்ந்திருந்தாலும், கார் ஒரு புரோட்டானின் அகலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஆக, ஹெய்சன்பர்க் அபராதம் கட்டியே ஆக வேண்டும். இப்போது காரை எடுத்துவிட்டு, அணு அளவு இடத்துக்குள், அதாவது 10⁻¹⁰ மீட்டருக்குள், ஓர் எலக்ட்ரானை வையுங்கள். அதே கணக்கில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர் வருகிறது! வகுப்பு நிமிர்ந்து உட்காருவது இங்கேதான்.

யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "ரேடார் காரில் பட்டதால்தானே வேகம் மாறியது?" இங்கே கவனம் தேவை. அளப்பது துகளைக் கலைக்கும் என்பது உண்மைதான். 1927-இல் காமாக் கதிர் நுண்ணோக்கியைக் கற்பனை செய்து ஹெய்சன்பர்க்கே அப்படித்தான் விளக்கினார். ஆனால் மேலே நாம் கணக்குப் போட்ட சமனின்மை, அதே ஆண்டில் இயற்பியலாளர் கென்னார்ட் நிறுவியது, அளக்கும் கருவியைப் பற்றியதே அல்ல. ஒரே மாதிரி தயாரித்த எலக்ட்ரான்களில் பாதிக்கு இடத்தை மட்டும், மீதிக்கு உந்தத்தை மட்டும் அளவிடுங்கள். எந்த எலக்ட்ரானையும் இரண்டு முறை தொடவில்லை. அப்படியும் இரண்டு சிதறல்களும் அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டே இருக்கும். எல்லை துகளின் நிலையிலேயே இருக்கிறது. ஜோக் கேட்டவர்கள் "கருவி சரியில்லை" என்ற முடிவோடு போனால், அந்த ஜோக்கைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கார் டிக்கியில் ஷ்ரோடிங்கரின் பூனை இருக்கும் ஜோக்கை இதோடு சேர்க்காதீர்கள். அது மேற்பொருந்துதல் (ஒரே நேரத்தில் பல நிலைகளின் கலவையாக இருப்பது) பற்றியது, வேறு பாடம்.

புதிதாக ஜோக் கட்ட ஆசையா? சரியான ஜோடியைப் பிடியுங்கள். நீளவாட்டு இடமும் அகலவாட்டு இடமும் ஜோடி ஆகாது, இரண்டையும் சேர்த்தே துல்லியமாக அறியலாம். ஒளியில் கட்டமும் (அலையின் ஏற்ற இறக்கம் எந்த நேரத்தில் வருகிறது என்பது) போட்டான் எனும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையும் நல்ல ஜோடி. ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வகத்தில் 2019 முதல் ஸ்க்வீஸ்டு (ஒரு பக்கம் இரைச்சலை அமுக்கிய) ஒளியைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள்: கட்டத்தின் இரைச்சலைக் குறைத்தால் எண்ணிக்கையின் இரைச்சல் கூடும். அதை வைத்து நான் கட்டியது இது. அந்த ஒளியை விருந்துக்குக் கூப்பிட்டார்களாம். "எட்டு மணிக்கு டாண்ணு வந்துடுவோம். எத்தனை பேர்னு மட்டும் கேட்காதீங்க."