கியோங்ஜு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியோலில் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் கியோங்ஜு வந்துவிடும். அந்த வேகத்தை நம்பி, கொரியாவின் பண்டைய சில்லா அரசின் தலைநகராக இருந்த இந்த ஊரை ஒரே நாளில் பார்த்துத் திரும்பத் திட்டமிடுவதுதான் முதல் தவறு. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பழைய வழிகாட்டி நூல்களில் ‘சின்கியோங்ஜு’ என்றிருப்பதும் இதே நிலையம்தான். ஊருக்குள் இருந்த பழைய நிலையம் 2021 இறுதியில் மூடப்பட்டது. கேடிஎக்ஸ் நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஒரு பேருந்து, நகரத்திலிருந்து புல்குக்சா கோயிலுக்கு இன்னொன்று என்று காலைப் பொழுது போய்விடும்.

புல்குக்சாவைச் சுற்றிவிட்டு, தோஹாம் மலைமேல் உள்ள சொக்குராம் குகைக் கோயிலை மாலைக்கு விடுவது அடுத்த தவறு. மேலே போகும் 12ஆம் எண் பேருந்து ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். தவறவிட்டால் காட்டுப்பாதையில் ஒரு மணி நேர ஏற்றம். ஆகவே 10 அல்லது 11ஆம் எண் பேருந்தில் காலையிலேயே புல்குக்சா வந்து, நேரே 12ஐப் பிடியுங்கள். இறங்கும்போது அந்தக் காட்டுப்பாதையில் நடந்து வரலாம்.

சொக்குராமில் புத்தரைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்துதான் பார்க்கலாம்; படம் எடுக்கக் கூடாது. இது தெரியாமல் போனவர்கள் இரண்டே நிமிடத்தில் ஏமாந்து வெளியே வந்துவிடுகிறார்கள். 1910களில் ஜப்பானிய ஆட்சியில் இந்தக் குகைக் கோயிலைப் பிரித்துத் திரும்ப அடுக்கியபோது சுற்றிலும் சிமென்ட் போட்டார்கள். அதன்பின் உள்ளே ஈரம் சேர்ந்து பாசி படர்ந்தது. ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் இயந்திரங்களும் கண்ணாடியும். இன்னொன்று, குகை என்று சொன்னாலும் இது பாறையில் குடைந்ததல்ல. கருங்கல் துண்டுகளை அடுக்கிக் கட்டியது. புத்தரின் தலைக்கு மேலே வளையும் கல் கூரையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

புல்குக்சாவின் முகப்பில் உள்ள 33 கற்படிகளில் ஏற அனுமதியில்லை; பக்கவாட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்த அவசரத்தில் முகப்பையே பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். முதலில் கீழே நின்று பாருங்கள். 2023 மே முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது.

நகரத்துக்குள் புல் மூடிய மேடுகள் எல்லாம் கல்லறைகள். சரிவில் ஏறிப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க, 1973இல் அகழ்ந்த சொன்மாச்சொங் என்ற கல்லறை திறந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில், 771இல் வார்த்த சுமார் 19 டன் மணியை அடிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பதிவு செய்த ஒலிதான் கேட்கும்.

வொல்ஜி குளத்துக்குப் பகலில் போகாதீர்கள். பழைய வரைபடங்களில் அனாப்ஜி என்று இருக்கும். சூரியன் மறைய அரை மணி முன்பே உள்ளே போய், வடக்கு, கிழக்குக் கரைகளில் வளைந்து போகும் பாதையில் இடம் பிடியுங்கள். விளக்கேற்றிய மண்டபங்கள் நீரில் தெரிவது அங்கிருந்துதான். காற்றடித்தால் பிம்பம் கலையும். கொஞ்சம் பொறுத்தால் நீர் அடங்கும். கடைசி அனுமதி இரவு 9.30 என்பதால், ஊரில் தங்குபவர்கள் கூட்டம் குறைந்தபின் நிதானமாகப் போகலாம்.